நெற்பயிருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்
வயல்நீர்க் குழாயின் உதவியால் பாசனத்தை அளந்து செய்யும் முறை

நெற்பயிருக்கு வயலில் எப்பொழுதும் ஜலம் தேங்கி நிற்க வேண்டும் என்பது குடியானவர்களுள் பெரும்பாலோருடைய அபிப்பிராயம். மடை திறந்திருக்கும்போதே வயலை நிறைத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்றும், வரப்பின்மேல் வழிந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடிய காலத்தில் இவ்வழக்கத்தால் பெருங்கேடு தோன்றவில்லை. இப்பொழுதோ மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதியில் திறக்கப்படும் என்று நம்பி நாற்று விட இயலாத ஆண்டுகள் பல வந்துவிட்டன. கிணற்றுப் பாசனமுள்ள கிராமங்கள் பலவற்றில் ஊற்று கீழே இறங்கிக்கொண்டே போகிறது. தலைமடையில் வரப்பு வழிய, கடைமடையில் பயிர் காய்வதும் அரிய காட்சியன்று.

இந்நிலையில் நெல்லுக்கு ஜலம் எவ்வளவு இன்றியமையாதது, எவ்வளவு வீணாகிறது, விளைவைக் குறைக்காமல் வீண் செலவை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை ஆராய்ந்து கண்ட ஒரு முறை இங்கே விவரிக்கப்படுகிறது. இதற்கு வேண்டிய கருவி ஓர் அடி நீளமுள்ள குழாய்த்துண்டு ஒன்றே.

வயலில் விட்ட ஜலம் போகும் வழிகள்

வயலில் பாய்ச்சிய ஜலம் மூன்று வழியாகச் செலவாகிறது. பயிர் வேரால் உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடுவது ஒன்று. வெயிலாலும் காற்றாலும் நீர்ப்பரப்பிலிருந்து நேராக ஆவியாவது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து வெப்பநாடுகளில் மழைக்காலத்தில் நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டரும், கோடையில் 6 முதல் 7 மில்லிமீட்டரும் ஆகும். மூன்றாவது, மண்ணுக்குள் இறங்குவதும் வரப்பின் வழியே கசிவதும் ஆகும். இது மண்ணின் தன்மையைப் பொறுத்தது. நன்றாகச் சேறாக்கிய கனத்த களிமண்ணில் நாளொன்றுக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை இறங்கும். மணற்பாங்கான பூமியில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரையிலும் இறங்குவதுண்டு.

ஓர் ஏக்கரில் 1 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஜலம் என்பது ஏறக்குறைய 40,000 லிட்டர். நாளொன்றுக்கு 10 மில்லிமீட்டர் இறங்கும் வயலில், பயிரின் தேவைக்கு மேற்பட்டு, தினந்தோறும் ஏக்கருக்கு 40,000 லிட்டர் மண்ணுக்குள் போகிறது என்பது இக்கணக்கால் விளங்கும். ஒரு கிலோகிராம் நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் ஜலம் வயலில் சேர வேண்டியிருக்கிறது. அதில் பயிரின் வழியாகவும் நீர்ப்பரப்பின் வழியாகவும் ஆவியாவது ஏறக்குறைய 1,400 லிட்டரே. எஞ்சிய 1,100 லிட்டர் கசிவிலும் இறக்கத்திலும் போய்விடுகிறது.

மண்ணின்மேல் ஜலம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதன் பாரம் அடியிலுள்ள ஜலத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகையால் அரை அடி ஆழம் நிறுத்திய வயலில் இறக்கம் அதிகம். 2 அங்குலம் நிறுத்திய வயலில் குறைவு. மேற்பரப்பில் ஜலமில்லாத நாட்களில் மிகக் குறைவு. பாசனத்தில் சிக்கனம் செய்வதற்கு இதுவே வழி. பயிர் குடிக்கும் ஜலத்தைக் குறைப்பது நோக்கமன்று. பாரத்தைக் குறைத்து மண் குடிக்கும் ஜலத்தைக் குறைப்பதே நோக்கம்.

தேங்கும் ஜலத்தால் பயிருக்கு ஆகும் பயன்

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே இலையிலிருந்து வேருக்குப் பிராணவாயு இறங்குவதால், மற்றப் பயிர்கள் அழுகிவிடும் சேற்றிலும் நெல் உயிர் வாழ்கிறது. ஜலம் தேங்குவதை நெல் பொறுத்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். அது இல்லாமல் வாழாது என்பதன்று. ஜலம் தேக்குவதால் களை அடங்குகிறது. மணிச்சத்து முதலிய சில உரச்சத்துக்கள் பயிருக்கு எளிதில் கிடைக்கின்றன. அடுத்த முறை மடை தாமதித்தாலும் பயிர் சில நாள் தாங்குகிறது. இவை மெய்யான பயன்கள். எனினும் இவற்றிற்காக நடவு முதல் அறுவடை வரை வயலைக் குளமாக வைத்திருத்தல் அவசியமன்று. வேருள்ள இடத்தில் ஈரம் நிறைந்திருக்கும்வரை பயிருக்குக் குறை நேர்வதில்லை.

நம் நாட்டுக் குடியானவர்களுக்கு இவ்விஷயம் முற்றிலும் புதியதன்று. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்னும் பேச்சு வழக்கில் இருக்கிறது. ஜப்பான் தேசத்திலும் தூர் கட்டி முடியும் தறுவாயில் வயலைச் சில நாள் காயவிடுவது நெடுநாளைய பழக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கட்டிய ஜலம் மறைந்த மறுநாள் 2 அங்குல ஆழம் பாய்ச்சினால் போதும் என்று சிபாரிசு செய்து வந்திருக்கிறது. இவற்றில் தெளிவாகாமல் இருந்தது ஒன்று. எவ்வளவு காயவிடலாம் என்பதற்கு அளவு இல்லை. மேல்மண் வெளுத்ததைக் கண்டு ஒருவர் பயந்து பாய்ச்சுவார்; மற்றொருவர் வெடிப்பு விழும்வரை பொறுத்து விளைவை இழப்பார். கண்ணுக்குத் தெரிவது மேல்மண் மட்டுமே. வேர் இருப்பதோ அதன் கீழே.

ஆராய்ச்சியில் கண்ட அளவு

பிலிப்பைன்ஸ் தேசத்தில் லாஸ் பானோஸ் என்னும் ஊரில் 1960-ம் ஆண்டில் நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விஷயத்தைப் பல ஆண்டுகள் பரீட்சித்தார்கள். மண் ஈரத்தை எவ்வளவு வலிமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை அளக்கும் கருவிகளைக் கொண்டு, எந்நிலைவரை வேர் கஷ்டமின்றி ஜலத்தை உறிஞ்சும் என்று கண்டார்கள். அக்கருவிகள் குடியானவர் கைக்கு ஏற்றவையல்ல. ஆகையால் அந்நிலையை ஒரு சாதாரண அளவாக மாற்றிக் கொடுத்தார்கள். வயலின் நிலமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர், அதாவது 6 அங்குலம், வரை ஜலமட்டம் இறங்கலாம், அதற்குமேல் இறங்கவிடலாகாது. இவ்வெல்லைக்குள் நின்றால் விளைவு குறையாமல் பாசன ஜலத்தில் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை மிச்சப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

2002-ம் ஆண்டில் அந்நாட்டின் டார்லாக் மாகாணத்தில் கனரெம் என்னும் ஊரில், ஆழ்கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சும் குடியானவர்களின் சொந்த வயல்களில் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. இறைப்புச் செலவைத் தாமே ஏற்றவர்களாதலால் அவர்கள் இதனை விருப்பத்துடன் கைக்கொண்டனர். 2009-ம் ஆண்டில் அந்நாட்டு விவசாய இலாகா, நெல் சாகுபடியில் நீர்ச்சிக்கன முறைகளைப் பரப்புவதற்கென்று உத்தரவு ஒன்று பிறப்பித்தது.

பல தேசங்களில் நடந்த பரீட்சைகளின் முடிவுகளைத் தொகுத்து 2017-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 56 ஆராய்ச்சிகளிலிருந்து எடுத்த 528 ஒப்பீடுகள் அதில் அடங்கியுள்ளன. ஜலமட்டம் 6 அங்குலத்துக்குக் கீழே போகாமல் காத்த வயல்களில் விளைவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; ஜலச்செலவோ நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. எல்லை கடந்து கடுமையாகக் காயவிட்ட வயல்களில் விளைவு நூற்றுக்கு 22 பங்குக்குமேல் குறைந்தது. காயவிடுவதில் நன்மையும் தீமையும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்பதை இக்கணக்கு காட்டும். அளவின்றிக் காயவிடுவது சிக்கனமாகாது.

குழாய் செய்யும் விதம்

பிளாஸ்டிக் குழாய், கணு நீக்கிய பருத்த மூங்கில் ஆகிய இவற்றுள் எதுவும் உதவும். நீளம் 12 அங்குலம் இருக்கவேண்டும். உள்ளகலம் 4 அங்குலத்துக்குக் குறையாமல் 6 அங்குலம் வரை இருக்கலாம். குறுகியிருந்தால் உள்ளே பார்ப்பதும் மண்ணை எடுப்பதும் கடினம். குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் அகலமுள்ள துளைகளை 2 சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஒன்றாக இடவேண்டும். மேற்பாதியில் துளை வேண்டியதில்லை.

வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில், ஆனால் வரப்பைவிட்டு ஒரு கஜத்துக்குக் குறையாமல் உள்ளே தள்ளி, வயலின் பொதுவான மட்டத்தைக் காட்டும் இடமாகப் பார்த்துக் குழாயைப் பதிக்கவேண்டும். மேடும் பள்ளமும் ஆகா. துளையிட்ட 6 அங்குலம் மண்ணுக்குள்ளும், எஞ்சிய 6 அங்குலம் வெளியேயும் இருக்கவேண்டும். சேற்றின் அடியிலுள்ள இறுகிய மண்படலத்தை ஊடுருவும்படி அடித்துவிடலாகாது. அப்படலமே ஜலத்தைத் தாங்கி நிற்பது. பின்பு குழாய்க்குள் உள்ள மண்ணை அடிவரை எடுத்துவிடவேண்டும்.

வயலில் ஜலம் நிற்கும்போது குழாயின் உள்ளும் புறமும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம். சில மணி நேரம் கழிந்தும் மட்டம் வேறுபட்டால் துளைகள் மண்ணால் அடைபட்டன என்று அறிந்து, குழாயை எடுத்துக் கழுவி மீண்டும் பதிக்கவேண்டும். இதனைக் கவனியாமல் விட்டால் குழாய் பொய் சொல்லும்.

பாய்ச்சும் முறை

1. நடவுக்குமுன் பரம்படித்து வயலைச் சமமாக்குக. மேடுள்ள வயலில் ஒரு பக்கம் காய்ந்திருக்க மற்றொரு பக்கம் நிற்கும். குழாய் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது. வரப்புகளை அண்டை வெட்டி, நண்டு வளைகளை அடைத்துச் சேறு பூசுக.

2. நட்ட நாள் முதல் வேர் பிடிக்கும்வரை சிறிதளவு ஜலம் நிறுத்துக. நட்டு ஒன்று அல்லது இரண்டு வாரம் கழிந்தபின் காய்ச்சலைத் தொடங்கலாம். களை மிகுந்த வயலில் இன்னும் இரண்டு மூன்று வாரம் தாமதித்துக் களை அடங்கியபின் தொடங்குக.

3. ஒருமுறை 2 அங்குல ஆழம் பாய்ச்சி மடையை அடைத்துவிடுக. நாள்தோறும் குழாய்க்குள் பார்த்துவருக. குழாயின் அடி தெரியும்படி ஜலம் இறங்கியபின் மறுபடியும் 2 அங்குலம் பாய்ச்சுக. ஒரு பாய்ச்சலுக்குப்பின் மேல்மண்ணில் ஜலமற்றிருக்கும் நாட்கள், மண்ணையும் பருவத்தையும் பொறுத்து, ஒரு நாளும் ஆகலாம். பத்து நாளுக்குமேலும் ஆகலாம். பக்கத்து வயல்காரர் கணக்கு இந்த வயலுக்கு உதவாது.

4. பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னிருந்து பூத்தபின் ஒரு வாரம் வரை 2 அங்குல ஜலம் இடைவிடாமல் நிற்கவேண்டும். இந்நாட்களில் பயிர் வாடினால் மணி பிடியாமல் பதராகும். பின்னர் எவ்வளவு பாய்ச்சினும் அந்நஷ்டம் தீராது. இவ்விதிக்கு விலக்கில்லை.

5. அதன்பின் பழையபடி குழாயைப் பார்த்துப் பாய்ச்சி, அறுவடைக்கு 10 முதல் 15 நாளுக்குமுன் பாசனத்தை நிறுத்துக.

உரமிடுதலில் கவனம்

யூரியா முதலிய தழைச்சத்து உரங்களை மேலுரமாக இடும்போது, ஜலம் வற்றிய மண்ணில் இட்டு உடனே பாய்ச்சுவது நலம். பாயும் ஜலத்துடன் உரம் மண்ணுக்குள் இறங்கும். தேங்கிய ஜலத்தில் தூவினால் அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். உரமிட்டபின் பல நாள் காயவிட்டு மறுபடி நிறைப்பதும் தீது. காய்ந்த மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி, ஜலம் தேங்கியவுடன் வாயுவாகி இழக்கப்படும். ஆகையால் உரத்தையும் பாய்ச்சலையும் ஒரே நாளில் அமைத்துக்கொள்வது செலவின்றிக் கிடைக்கும் லாபமாகும்.

எவ்விடங்களில் எச்சரிக்கை வேண்டும்

எல்லா நிலத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. ஆழமாக வெடிக்கும் கரிசல் முதலிய களிமண் பூமிகளில் வெடிப்பு விழுந்துவிட்டால், அடுத்துப் பாய்ச்சும் ஜலம் வெடிப்பின் வழியே நேராகக் கீழே போய்விடும். மிச்சம் பிடித்ததற்கு மேல் நஷ்டமாகும். இத்தகைய நிலங்களில் மயிர்வெடிப்புக் கண்டவுடன், குழாய் எதைக் காட்டினும், பாய்ச்சுவது உத்தமம். உவர் நிலத்தில் ஜலம் வற்றும்போது உப்பு மேலேறிப் பயிரைக் கெடுக்குமாதலால் அங்கே இம்முறையைக் கையாளலாகாது. மேற்கூறிய தொகுப்பாராய்ச்சியில், காரத்தன்மை சார்ந்த நிலங்களிலும் மக்குச்சத்து குறைந்த நிலங்களிலும் விளைவிழப்பு அதிகமாகக் காணப்பட்டது. அத்தகைய நிலமுடையோர் முதலில் மண்ணைப் பரிசோதித்து, தழையுரமும் தொழுவுரமும் இட்டு நிலத்தைப் பதப்படுத்திக்கொள்வது அவசியம். அடுத்த மடை எப்பொழுது வருமென்று நிச்சயமில்லாத கடைமடையிலும், 6 அங்குலம் இறங்கும்வரை காத்திராமல், ஜலம் கிடைத்தபோது பாய்ச்சிக்கொள்வதே விவேகம்.

காற்றுக்கு நேரும் நன்மை

இம்முறையால் வயலுக்கு வெளியேயும் ஒரு நன்மை உண்டு. ஜலம் தேங்கிய சேற்றில் பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருள்களிலிருந்து மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெல்லின் தண்டிலுள்ள காற்றுத்துளைகளின் வழியே மேலே போகிறது. பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுப்பதில், எடைக்கு எடை, மீத்தேன் கரியமில வாயுவைப்போல 27 மடங்கு வலிமையுடையது என்று நூறு ஆண்டுக் கணக்கில் மதிப்பிட்டிருக்கிறார்கள். மண் இடையிடையே காற்றுப் பெற்றால் மேற்படி நுண்ணுயிர்களின் வேலை தடைப்படுகிறது. சர்வதேசக் கணக்கீட்டு விதிகள் 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, பலமுறை காயவிட்ட வயலிலிருந்து எழும் மீத்தேன், இடைவிடாது தேங்கிய வயலினதில் நூற்றுக்கு 55 பங்கு என்று கொள்ளப்பட்டது. தழைச்சத்தை அளவுக்குமேல் இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு தீய வாயு மிகுந்து, இந்நன்மையில் ஒரு பகுதியை அழித்துவிடும். உரமிடுதலைப்பற்றி மேலே சொன்ன எச்சரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சமான ஜலம் எங்கே போகவேண்டும்

கிராம உத்தியோகஸ்தர்களும் பாசனச் சங்கத்தாரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இது. ஒருவர் தம் மடையை அடைத்து மிச்சப்படுத்திய ஜலம், வடிகாலில் விழுந்து கடலுக்குப் போனால் அதனால் ஒருவருக்கும் பிரயோஜனமில்லை. அது கடைமடையின் வயலை அடைந்தால்தான் சேமிப்பாகும். வாய்க்கால் ஜலத்துக்குத் தீர்வை பரப்பளவின்படி விதிக்கப்படுகிறதேயன்றி அளவின்படி விதிக்கப்படுவதில்லை. விவசாயப் பம்புசெட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆகையால் ஜலத்தைக் குறைத்துப் பாய்ச்சியவருக்கு அன்றைக்குக் கையில் வரும் பணம் ஒன்றுமில்லை. கனரெம் ஊராருக்கு இருந்த தூண்டுதல் இங்கே இல்லை என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எனினும் இதற்கும் வழியுண்டு. பிலிப்பைன்ஸ் தேசத்தின் போஹோல் தீவில் அணைப் பாசனம் நடக்கிறது. அங்கே தலைமடையில் ஜலம் மிஞ்சவும் கடைமடை தரிசாகவும் இருந்தது. 2007-ம் ஆண்டில் பயோங்கான் அணை கட்டி முடிந்தபின், தேசியப் பாசன நிர்வாகத்தார் ஜலம் விடும் நாளையும் நிறுத்தும் நாளையும் பகுதிவாரியாக முன்கூட்டியே வகுத்து, காய்ச்சலும் பாய்ச்சலுமாக முறை வைத்தார்கள். தனித்தனிக் குடியானவரின் விருப்பத்துக்கு விடாமல் வாய்க்கால் முழுவதற்கும் முறை ஏற்பட்டதனால், முன்பு ஜலம் எட்டாத நிலங்களிலும் சாகுபடி நடந்தது. தமிழ்நாட்டில் 2000-ம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைவதற்கு இடமுண்டு. முறை வைத்துப் பாய்ச்சும் பழக்கமும் ஏரிப்பாசனக் கிராமங்களுக்குப் புதியதன்று. ஒவ்வொரு மடைக்கும் ஒரு குழாய் பதித்து, நீர்பாய்ச்சும் ஆள் அதனைப் பார்த்து மடை திறக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டால், முறை வைப்பதில் எழும் சச்சரவுகள் குறையும். யார் வயல் காய்ந்தது, யார் வயல் நிறைந்தது என்பதற்கு வாய்ச்சாட்சி வேண்டியதில்லை; குழாயே சாட்சி.

இதில் கணக்குப் பிழை நேராமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு வயலில் கீழே இறங்கும் ஜலம் முழுவதும் உலகத்தைவிட்டுப் போய்விடுவதில்லை. அதில் ஒரு பகுதி பக்கத்துக் கிணற்றில் ஊற்றாகச் சேர்கிறது. ஆகையால் ஒரு வயலில் மிச்சமான அளவை அப்படியே பெருக்கி, ஜில்லா முழுவதும் இவ்வளவு மிச்சமாகும் என்று சொல்லிவிடலாகாது. கடைமடையில் எத்தனை ஏக்கர் புதிதாக நனைந்தது, கிணற்று மட்டம் அறுவடைக் காலத்தில் எத்தனை அடியில் நின்றது என்னும் இவ்விரண்டையும் கிராமத்தில் ஆண்டுதோறும் குறித்துவந்தால், உண்மையான சேமிப்பு தெரியவரும்.

முதலில் செய்யத்தக்கது

நிலமுடையோர் முழு நிலத்திலும் ஒரே போகத்தில் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ரகமும் ஒரே நடவு நாளும் உள்ள இரண்டு வயல்களைத் தெரிந்தெடுத்து, ஒன்றில் வழக்கம்போலவும், மற்றொன்றில் குழாயைப் பார்த்தும் பாய்ச்சுக. பாய்ச்சிய தேதியையும், பம்புசெட்டு ஓடிய மணியையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருக. அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அடித்து எடை போட்டுப் பார்த்தால், அந்நிலத்துக்கு இம்முறை ஏற்றதா இல்லையா என்பது அவரவருக்கே விளங்கும். சந்தேகம் நேர்ந்தால் அந்தந்த வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.